சமாதானத்திற்கு முகூர்த்தம் பார்த்தவர்கள்

பழைய தஞ்சை ஜில்லாவாசிகளுக்குப் பஞ்சாங்கத்தின் யோக்கியதையைப் பற்றி நாம் விஸ்தரித்துச் சொல்ல வேண்டியதில்லை. சித்திரையில் நல்லேர் பூட்டுவதற்கு ஒரு நாள், விதை விடுவதற்கு ஒரு நாழிகை, நடவுக்கு ஒரு கிழமை, களத்திலே முதல் மரக்கால் அளப்பதற்கு ஒரு திசை என்று நமது குடியானவர்களை ஆட்டி வைத்துக்கொண்டிருக்கும் புஸ்தகம் அது. நாள் பார்த்து விட்ட நாற்று தண்ணீரில்லாமல் கருகிப் போனால், நாள் குறித்துக் கொடுத்த புரோகிதருக்கு ஒரு காலணா நஷ்டம் கிடையாது. அடுத்த வருஷமும் அதே குடியானவர் அதே புரோகிதரிடம் தட்சணையோடு போய் நிற்கின்றார்.

இந்தப் பைத்தியம் குடியானவர்களோடு நின்றுவிடவில்லை. தஞ்சாவூர்ப் பெரிய கோவிலுக்குள் பதவியிலிருப்பவர்கள் முன்வாசல் வழியாக நுழைந்தால் பதவி போய்விடும், உயிருக்கும் ஆபத்து என்று ஒரு புரளி வெகு காலமாக உலவி வருகின்றது. 1984இல் வந்து போன இந்திரா காந்தி அம்மையாரையும் எம்.ஜி. ராமச்சந்திரன் அவர்களையும் அதற்குச் சாட்சி காட்டுவார்கள். 2010இல் அக்கோவிலின் ஆயிரமாவது ஆண்டு விழாவிற்கு வந்த முதலமைச்சர் கருணாநிதி அவர்கள் பக்கவாசல் வழியாக நுழைந்தார் என்று பத்திரிகைகள் எழுதிச் சிரித்தன. ஆனால் பதவியிலிருப்பவர்களுக்கு உண்மையில் பதவி எந்த வாசல் வழியாகப் போகின்றது என்பது நன்றாகத் தெரியும். அது ஓட்டுச்சாவடி வாசல். அந்த வாசலுக்கென்று அவர்கள் தனியாக ஒரு பஞ்சாங்கம் வைத்திருக்கின்றார்கள். அதைப் பற்றித்தான் இங்கு எழுதப் புகுந்தோம்.

அந்தப் பஞ்சாங்கத்தில் திதி என்பது தேர்தல் தேதி. கிரக நிலை என்பது கருத்துக் கணிப்பு. ராகுகாலம் என்பது செத்தவர்களின் படம் பத்திரிகையில் வருகின்ற காலம். புரோகிதர் ஸ்தானத்தில் ஆலோசகர் என்று ஒருவர் உட்கார்ந்திருக்கின்றார். கலியாணத்திற்கும் கருமாதிக்கும் முகூர்த்தம் வைப்பது போல, யுத்தத்திற்கும் சமாதானத்திற்கும் இவர்கள் முகூர்த்தம் வைக்கின்றார்கள்.

இது ஏதோ நமது கற்பனை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அமெரிக்கா தேசத்தில் 1972ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 3ந் தேதி, ஜனாதிபதி நிக்ஸனும் அவருடைய பாதுகாப்பு ஆலோசகர் கிஸ்ஸிங்கரும் உட்கார்ந்து பேசினார்கள். வியட்நாமில் யுத்தம் நடந்துகொண்டிருந்தது. பாரிஸில் சமாதானப் பேச்சும் நடந்துகொண்டிருந்தது. நவம்பர் 7ந் தேதி ஜனாதிபதித் தேர்தல். தமது அறையில் தாமே பொருத்தி வைத்திருந்த ஒலிப்பதிவு இயந்திரம் தம் பேச்சை ஊரறியச் செய்யப் போகின்றது என்று நிக்ஸன் எண்ணியிருக்க மாட்டார். இன்று அந்தப் பேச்சை எவரும் கேட்கலாம். தெற்கு வியட்நாம் அநேகமாக நிலைக்காது என்று ஜனாதிபதி ஒப்புக்கொள்கின்றார். தேர்தலில் ஜெயிப்பது மிகமிக முக்கியம் என்கின்றார். ஒன்றிரண்டு வருஷத்தில் வடக்கு தெற்கை விழுங்கிவிட்டால் நமது பேர் என்னாகும் என்று கவலைப்படுகின்றார். ஆலோசகர் தேறுதல் சொல்லுகின்றார்: ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ தாங்கும்படியாக ஏதேனும் ஓர் ஏற்பாடு செய்துவிட வேண்டும்; அதற்குப் பிறகு விழுந்தால் அது தெற்கு வியட்நாம்காரரின் திறமைக் குறைவால் விழுந்தது போலத் தோன்ற வேண்டும்; இந்த அக்டோபரில் முடித்துக்கொண்டால் 1974 ஜனவரிக்குள் வியட்நாமைப் பற்றிக் கவலைப்பட எவனும் இருக்க மாட்டான்.

வாசகர்கள் இதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டுகின்றோம். யுத்தம் நியாயமா அநியாயமா என்பது பேச்சிலே இல்லை. ஜெயிக்கப் போகின்றோமா என்பதும் இல்லை. ஜெயிக்கப் போவதில்லை என்பது இருவருக்கும் சம்மதம். கேள்வியெல்லாம், தோல்வியை எந்த மாதத்தில் வைத்துக்கொள்வது என்பதுதான். இதற்கு இரண்டு வருஷம் முந்தியே, 1970 டிசம்பரில், இதே ஆலோசகர் இன்னொரு கணக்கும் சொல்லியிருக்கின்றார். 1971க்குள் சேனையைத் திருப்பி அழைத்துக்கொண்டால் 1972 தேர்தலுக்குள் அங்கே ஏதேனும் விபரீதம் நேர்ந்து பழி நம் மேல் வரும், ஆகையால் 1972 கடைசி வரையில் இழுப்பதே நல்லது என்பது அக்கணக்கு. நிக்ஸனின் காரியஸ்தர் ஹால்டிமன் தமது டைரியில் இதை எழுதி வைத்திருக்கின்றார். ஒரு வருஷம் இழுப்பது என்றால் என்ன அர்த்தம்? ஒரு வருஷத்துப் பிணம் என்று அர்த்தம். நிக்ஸன் காலத்தில் மட்டும் அமெரிக்கச் சிப்பாய்களிலேயே 20,000 பேருக்கு மேல் மாண்டார்கள். வியட்நாம் குடியானவர்கள் மாண்டதற்கு, நம்மைப் போலவே சேற்றிலே நாற்று நட்டவர்கள் மாண்டதற்கு, லட்சத்தில்தான் கணக்கு.

அக்டோபர் 26ந் தேதி சமாதானம் கைக்கெட்டும் தூரத்தில் வந்துவிட்டது என்று கிஸ்ஸிங்கர் உலகத்திற்குச் சொன்னார். நவம்பர் 7ந் தேதி 50 மாகாணங்களில் 49இல் நிக்ஸன் ஜெயித்தார். டிசம்பர் 18ந் தேதி முதல் ஹனாய் மீதும் ஹைபாங் மீதும் வெடிகுண்டு மாரி பொழிந்தது. 1973 ஜனவரி 27ந் தேதி ஒப்பந்தம். அதே வருஷம் கிஸ்ஸிங்கருக்குச் சமாதானத்திற்கான நோபல் பரிசு! அவரோடு பங்கு கொடுக்கப்பட்ட வியட்நாம்காரர் லே டுக் தோ, சமாதானம் இன்னும் வரவில்லை, எனக்கு வேண்டாம் என்று மறுத்துவிட்டார். அந்த ஒரு மனிதருக்காவது வெட்கம் இருந்தது. 1975 ஏப்ரல் 30ந் தேதி சைகோன் விழுந்தது. ஆலோசகரின் வாக்குப்படியே இரண்டு வருஷம் தாங்கிற்று. ஜோசியர்களில் இவ்வளவு சரியாகச் சொன்னவர் வேறொருவர் இல்லை; ஏனென்றால் மற்ற ஜோசியர்களின் கையில் வெடிகுண்டு கிடையாது.

நிக்ஸன் மட்டுமே இப்படி என்றும் சொல்லிவிட முடியாது. 1968இல் தேர்தலுக்கு ஐந்து நாள் முன்னால், அக்டோபர் 31ந் தேதி, ஜனாதிபதி ஜான்ஸன் குண்டு வீச்சை நிறுத்தினார். அப்போது பதவிக்கு வெளியே நின்ற நிக்ஸனின் ஆட்கள், பேச்சுக்குப் போகாதே, நாங்கள் வந்தால் இதைவிட நல்ல பேரம் கிடைக்கும் என்று தெற்கு வியட்நாம் ஜனாதிபதிக்குச் சொல்லியனுப்பினார்கள். அது ஜான்ஸனுக்குத் தெரிந்தும் வந்தது. அவர் தம் ஆலோசகர்களைக் கேட்டார். வெளியிட வேண்டாம் என்றார்கள். வாயை மூடிக்கொண்டார். ஒரு கட்சி சமாதானத்திற்கு நாள் பார்த்தது; மற்றொரு கட்சி அந்த நாளைக் கெடுக்கப் பார்த்தது.

நிற்க, வாஷிங்டன் சங்கதியைத் திருத்துறைப்பூண்டிக்கும் மன்னார்குடிக்கும் கொண்டு வந்து கொட்டுவானேன் என்று சிலர் கேட்கலாம். கோடியக்கரையிலே நின்றுகொண்டு கேட்டால் பதில் கிடைக்கும். அங்கிருந்து ஒரு ராத்திரிப் படகுப் பயணத்தில் இருக்கின்றது இலங்கை. 1983க்குப் பிறகு அக்கரையிலிருந்து ஓடி வந்தவர்களைக் கண்ணால் பார்த்தவர்கள் வேதாரண்யம் பக்கத்தில் இன்றும் இருக்கின்றார்கள். அந்த இலங்கையிலும் இதே பஞ்சாங்கந்தான் புரட்டப்பட்டது. அதில் நமக்கும் ஒரு பக்கம் ஒதுக்கப்பட்டிருந்தது என்பதைத்தான் நாம் மறந்துவிட்டோம்.

2002 பிப்ரவரி 22ந் தேதி நார்வே தேசத்தாரின் மத்தியஸ்தத்தில் யுத்த நிறுத்த ஒப்பந்தம் ஆயிற்று. கையெழுத்துப் போட்டவர் பிரதமர் ரணில் விக்கிரமசிங்கே. ஜனாதிபதியாக இருந்தவரோ எதிர்க்கட்சியைச் சேர்ந்த சந்திரிகா அம்மையார். 2003 நவம்பர் முதல் தேதி புலிகள் தங்கள் இடைக்கால நிர்வாகத் திட்டத்தை வெளியிட்டார்கள். 4ந் தேதி, பிரதமர் வாஷிங்டனில் இருக்கும்போது, ஜனாதிபதி அம்மையார் பாதுகாப்பு உள்ளிட்ட மூன்று இலாகாக்களைப் பறித்துக்கொண்டார். 2004 ஏப்ரலில் தேர்தல். 2005 நவம்பரில் ஜனாதிபதித் தேர்தல். சமாதானப் பேச்சை விட்டுக்கொடுத்த பேச்சு என்று வைது ஓட்டுக் கேட்ட மகிந்த ராஜபக்சே சுமார் 1,81,000 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். வடக்கே புலிகள் தமிழர்களை ஓட்டுப் போட வேண்டாம் என்று தடுத்து வைத்ததால் யாழ்ப்பாண ஜில்லாவில் 100க்கு ஒருவர் சொச்சந்தான் ஓட்டுப் போட்டார்கள். எதிரியை ஜெயிக்க வைத்தது சிங்களவரின் ஓட்டு மட்டுமல்ல, போடாத தமிழ் ஓட்டுந்தான். துப்பாக்கி வைத்திருக்கும் புரோகிதரும் புரோகிதர்தான் என்பதை நாம் தாட்சண்யமில்லாமல் சொல்லிவைக்கின்றோம்.

இனி நம் வீட்டுச் சங்கதிக்கு வருவோம். 2008 ஜூலை 22ந் தேதி டில்லியில் மன்மோகன் சிங் மந்திரிசபை 19 ஓட்டு வித்தியாசத்தில் உயிர் பிழைத்தது. அந்த மந்திரிசபையைத் தாங்கி நின்ற பார்லிமெண்டு மெம்பர்களில் தி.மு.க.வுக்கு மட்டும் 16 பேர். அக்டோபர் 14ந் தேதி சென்னையில் கூடிய சர்வகட்சிக் கூட்டம், இரண்டு வாரத்திற்குள் இலங்கையில் யுத்தம் நிறுத்தப்படாவிட்டால் தமிழ்நாட்டுப் பார்லிமெண்டு மெம்பர்கள் எல்லோரும் ராஜிநாமா செய்வார்கள் என்று தீர்மானம் போட்டது. ராஜிநாமாக் கடிதங்கள் முதலமைச்சர் கைக்கு வந்து சேர்ந்தன. டில்லிக்கு வேர்த்தது. கொழும்புக்கும் வேர்த்தது. அக்டோபர் 26ந் தேதி, இலங்கை ஜனாதிபதியின் மூத்த ஆலோசகர் டில்லிக்கு ஓடோடி வந்தார். அந்த ஆலோசகர் யார் என்றால் ஜனாதிபதியின் சொந்தத் தம்பி பசில் ராஜபக்சே. அவரைப் பார்த்துப் பேசிய வெளிநாட்டு மந்திரி பிரணாப் முகர்ஜி அன்றைக்கே சென்னைக்குப் பறந்து வந்து முதலமைச்சரைப் பார்த்தார். நிவாரணச் சாமான் அனுப்புவது என்று பேச்சாயிற்று. கடிதங்கள் பெட்டிக்குள் போயின. யுத்தம் ஒரு நாளும் நிற்கவில்லை.

நமது மெம்பர்களின் கையில் இருந்த 16 ஓட்டு எத்தனை பெரிய ஆயுதம் என்பது, ஓர் ஆலோசகரை விமானமேறச் செய்ததிலிருந்தே விளங்கவில்லையா? அந்த ஆயுதத்தைப் பன்னிரண்டே நாளில் கீழே வைத்தவர்கள், பிறகு ஏழு மாதமாகக் கூட்டம் போட்டார்கள், மனிதச் சங்கிலி பிடித்தார்கள், தந்தி அடித்தார்கள். கோபம் இருந்தது என்பதை நாம் மறுக்கவில்லை. கோபத்திற்கும் ராஜிநாமாவிற்கும் மத்தியில் மந்திரிப் பதவி ஒன்று குறுக்கே படுத்திருந்தது.

2009 ஜனவரி 2ந் தேதி கிளிநொச்சி விழுந்தது. கொழும்பு சர்க்கார் மாகாணத் தேர்தல்களை ஒரே நாளில் வைக்காமல், ஒவ்வொரு மாகாணமாக, யுத்த வெற்றிச் செய்தி வரவர வைத்துக்கொண்டே போயிற்று. பிப்ரவரி 14ந் தேதி இரண்டு மாகாணங்கள். ஏப்ரல் 25ந் தேதி மேற்கு மாகாணம். போனதெல்லாம் வெற்றி. ஓட்டை எண்ணுவதில் அந்தச் சர்க்காருக்கு ஒரு குறையும் சொல்ல முடியாது. உயிரை எண்ணுகின்ற போதுதான் கணக்கு மறந்துபோயிற்று. யுத்தப் பிரதேசத்தில் சிக்கியிருப்பவர்கள் சுமார் 70,000 பேர் என்று 2009 பிப்ரவரியில் நமது டில்லிப் பார்லிமெண்டிலேயே சொல்லப்பட்டது. யுத்தம் முடிந்து முள்வேலி முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்களோ 2,80,000க்கு மேல். உயிரோடு வந்தவர்கள் மாத்திரம் இத்தனை பேர்! ஆளைக் குறைத்துச் சொன்னால் அனுப்ப வேண்டிய அரிசியும் மருந்தும் குறையும். செத்தவர்களின் எண்ணிக்கையும் குறையும். ஐக்கிய நாடுகள் சபையின் தலைமைச் செயலாளர் நியமித்த நிபுணர் குழு, சர்க்கார் வேண்டுமென்றே எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டியது என்று 2011இல் எழுதிற்று. 40,000 பேர் வரையில் மாண்டிருக்கலாம் என்றும், பெரும்பாலோர் சர்க்காரின் பீரங்கிக் குண்டுக்கே இரையானார்கள் என்றும் எழுதிற்று. புலிகள் ஜனங்களைப் போகவிடாமல் தடுத்துக் கேடயமாக வைத்துக்கொண்டார்கள், தப்பி ஓடியவர்களைச் சுட்டார்கள் என்றும் அதே குழு எழுதியிருக்கின்றது. ஒரு பாதியை மட்டும் வாசித்துக் காட்டுகின்ற வழக்கம் நமக்கில்லை.

இப்பொழுது நாம் சொல்ல வந்த நாட்களுக்கு வருகின்றோம். பார்லிமெண்டுத் தேர்தலில் தமிழ்நாட்டுக்கு ஓட்டு நாள் 2009 மே 13. ஏப்ரல் 24ந் தேதி, இந்தியப் பிரதமரின் பாதுகாப்பு ஆலோசகர் எம்.கே. நாராயணனும் வெளிநாட்டுக் காரியதரிசி சிவசங்கர மேனனும் கொழும்புக்குப் போய் ராஜபக்சேயைப் பார்த்தார்கள். 25ந் தேதி கொழும்பில் மாகாணத் தேர்தல். 27ந் தேதி விடியற்காலையில் முதலமைச்சர் கருணாநிதி அவர்கள் கடற்கரையில் அண்ணா சமாதி அருகே உண்ணாவிரதம் உட்கார்ந்தார். அன்றைக்கே கொழும்பிலிருந்து அறிக்கை வந்தது: போர் நடவடிக்கைகள் முடிவுக்கு வந்துவிட்டன, இனிக் கனரக பீரங்கிகளும் போர் விமானங்களும் உபயோகிக்கப்பட மாட்டா என்று. நண்பகலில் உண்ணாவிரதம் முடிந்தது. யுத்தம் நின்றது என்று ஊரெல்லாம் சொல்லப்பட்டது. தஞ்சாவூரிலும் நாகப்பட்டினத்திலும் மாயவரத்திலும் ஒலிபெருக்கி கட்டிய கார்கள் அதையே சொல்லிக்கொண்டு போயின.

குண்டு நின்றதா? நிற்கவில்லை. அறிக்கை வந்த பிறகும் குண்டு விழுகின்றதே என்று கேட்டவர்களுக்கு, மழை விட்டும் தூவானம் விடவில்லை என்பதாக முதலமைச்சர் பதில் சொன்னார். காவிரிக் கரையில், திருக்குவளையில் பிறந்தவர் அவர். மழைக்கும் தூவானத்திற்கும் வித்தியாசம் தெரியாதவரல்ல. தூவானத்தில் நனைந்தவன் செத்ததாக நமது ஜில்லாவில் நாம் கேள்விப்பட்டதில்லை. மே 9, 10 தேதிகளில் அங்கே நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். மே 12ந் தேதி முள்ளிவாய்க்காலில் ஆஸ்பத்திரி என்று பேர் வைத்திருந்த கூரையின் மீது குண்டு விழுந்தது. மே 13ந் தேதியும் விழுந்தது. அதே 13ந் தேதி நாம் விரலில் மையை வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். 16ந் தேதி ஓட்டு எண்ணிக்கை, தி.மு.க. அணிக்கு 39இல் 27. அதே 16ந் தேதி ஜோர்டான் தேசத்தில் நின்றுகொண்டு ராஜபக்சே தம் வெற்றியைப் பிரகடனம் செய்தார். 18ந் தேதி எல்லாம் முடிந்தது. ஏப்ரல் 27இலிருந்து மே 13க்குப் பதினாறு நாள். மே 13இலிருந்து மே 18க்கு ஐந்து நாள். கிஸ்ஸிங்கர் கேட்டது இரண்டு வருஷம். நம் விஷயத்தில் பதினாறு நாளே போதுமானதாக இருந்தது. நம்முடைய ஞாபகத்தின் நீளத்தை அளந்தவர்கள் நம்மை அவ்வளவு மலிவாக மதிப்பிட்டிருக்கின்றார்கள்.

இதைச் சொன்னதும், அந்த அம்மையாரை விட்டுவிட்டீர்களே என்பார்கள். விடவில்லை. யுத்தம் என்றால் ஜனங்கள் சாவது சகஜந்தான் என்று 2009 ஜனவரியில் பேசியவர் ஜெயலலிதா அம்மையார். மார்ச்சில் அதே ஜனங்களுக்காக உண்ணாவிரதம் இருந்தார். ஏப்ரல் கடைசியில் தனி ஈழந்தான் ஒரே வழி என்று மேடையில் முழங்கினார். ஜனவரிக்கும் ஏப்ரலுக்கும் மத்தியில் இலங்கையின் பூகோளம் மாறவில்லை. மார்ச் 2ந் தேதி தேர்தல் தேதி அறிவிக்கப்பட்டது, அவ்வளவுதான். ஒருவர் யுத்தம் நின்றுவிட்டது என்று ஓட்டுக் கேட்டார். இன்னொருவர் நாடே வாங்கித் தருவதாக ஓட்டுக் கேட்டார். தி.மு.க. நமது இயக்கத்தின் வயிற்றில் பிறந்தது என்பதற்காக அதைக் கொஞ்சம் குறைத்து எழுதலாமே என்று நமக்கு யோசனை சொன்ன தோழர்களும் உண்டு. நம் வீட்டுப் பிள்ளை தப்புச் செய்தால் ஊரார் கேட்கும் முன் நாமே கேட்க வேண்டும் என்பதுதான் நாம் படித்த பாடம்.

ஜனநாயகம் என்றால் ஆளுகின்றவர் ஜனங்களின் அபிப்பிராயத்தைக் கவனிக்கத்தானே வேண்டும், தேர்தலுக்குப் பயந்தாவது குண்டு போடுவதை நிறுத்தினால் லாபந்தானே என்று சில படித்த தோழர்கள் கேட்கின்றார்கள். நல்ல கேள்விதான். பயந்து நிறுத்தியிருந்தால் நாமும் மெச்சியிருப்போம். நாம் கேட்பது, நிறுத்தினார்களா என்பது. ஜனங்களின் அபிப்பிராயத்தைக் கேட்பவன், யுத்தம் வேண்டுமா வேண்டாமா என்று கேட்பான். கருத்துக் கணிப்பைப் புரட்டுகின்றவனோ, நிறுத்துவதாக எந்தத் தேதியில் சொன்னால் எத்தனை ஓட்டு என்று கேட்கின்றான். முன்னவனுக்கு நாம் எஜமானர். பின்னவனுக்கு நாம் சந்தை. அன்றியும், இந்தக் கணக்கில் ஒரு கொடுமை இருக்கின்றது. சாகின்றவனுக்கு அந்தத் தேர்தலில் ஓட்டுக் கிடையாது. ஹனாய்க் குடியானவனுக்கு அமெரிக்காவில் ஓட்டில்லை. முள்ளிவாய்க்காலில் பதுங்கு குழிக்குள் இருந்த தாய்க்குத் தஞ்சாவூரில் ஓட்டில்லை. அவளுக்காகக் கோபப்படுவதற்கு இருந்த ஒரே ஓட்டு நம்முடையது. அதைத்தான் ஓர் அறிக்கையைக் காட்டி மே 13 வரையில் தூங்க வைத்தார்கள்.

தேர்தல் இல்லாத மாதங்களில் இந்தத் துக்கத்திற்கு என்ன மரியாதை என்பதையும் தஞ்சாவூர்க்காரர்கள் நேரிலேயே பார்த்தார்கள். தஞ்சாவூருக்கு அடுத்த விளாரில், மாண்டவர்களுக்காக முள்ளிவாய்க்கால் முற்றம் என்று தோழர் பழ. நெடுமாறன் முதலானோர் கல்லில் சிற்பம் வைத்து எழுப்பினார்கள். 2013 நவம்பர் 12ந் தேதி சென்னைச் சட்டசபையை விசேஷமாகக் கூட்டி, கொழும்பில் நடக்கும் காமன்வெல்த் மகாநாட்டிற்கு இந்தியா போகவே கூடாது என்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டார்கள். மறுநாள் 13ந் தேதி காலை, அதே சர்க்காரின் போலீசும் இயந்திரங்களும் விளாருக்கு வந்து முற்றத்தின் சுற்றுச்சுவரை இடித்துத் தள்ளின. நெடுஞ்சாலை இலாகாவின் நிலமாம்! நெடுமாறன் கைது செய்யப்பட்டார். கொழும்பை நோக்கித் தீர்மானம். விளாரை நோக்கிக் கடப்பாரை. ரோட்டோரத்துப் புறம்போக்கில் திடீர்ப் பிள்ளையார்கள் எத்தனை உட்கார்ந்திருக்கின்றன என்று நமது ஜில்லாவில் எண்ணிப் பார்த்தால் அந்த இலாகாவின் நிலப்பற்று எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும்.

யுத்தமும் பிணமும் இல்லாத காரியத்திலும் இதே பஞ்சாங்கந்தான். காவிரி வழக்கில் 2018 பிப்ரவரி 16ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிற்று. தமிழ்நாட்டின் பங்கு 192இலிருந்து 177.25 டி.எம்.சி.யாகக் குறைந்தது. குறைந்ததையாவது தண்ணீராகக் கொடுப்பதற்கு ஆறு வாரத்தில் ஒரு திட்டம் செய்யச் சொல்லிற்று. ஆறு வாரம் முடிந்ததும் டில்லி சர்க்கார் கோர்ட்டில் போய், கர்நாடகத்தில் தேர்தல் வருகின்றது, மூன்று மாதம் தவணை வேண்டும் என்று மனுப் போட்டது. இதை மறைவாகக்கூடச் சொல்லவில்லை. மனுவிலேயே எழுதிக் கொடுத்தார்கள். கர்நாடகத்தில் ஓட்டு நாள் மே 12. திட்டத்தின் நகல் கோர்ட்டுக்கு வந்த நாள் மே 14. ஜூன் 12ந் தேதி திறக்க வேண்டிய மேட்டூர் அவ்வருஷம் ஜூலை 19ந் தேதிதான் திறந்தது. குறுவைக்கு நாள் பார்த்து வைத்திருந்த கடைமடைக் குடியானவர், தம்முடைய பஞ்சாங்கத்தைவிடப் பெரிய பஞ்சாங்கம் ஒன்று டில்லியில் இருப்பதை அப்போதாவது அறிந்தாரா என்று நாம் கேட்கின்றோம்.

ராஜபக்சேயின் கதை எப்படி முடிந்தது என்பதை வாசகர்கள் அறிவார்கள். யுத்த வெற்றியைக் காட்டி 2010 ஜனவரியில் முன்கூட்டியே தேர்தல் வைத்து ஜெயித்தவர், மறுபடியும் இரண்டு வருஷம் மீதியிருக்கும்போதே தேர்தல் வைத்தார். இம்முறை நாள் குறித்துக் கொடுத்தவர் அசல் ஜோசியர். சுமணதாச அபேகுணவர்தன என்று பேர். 2015 ஜனவரி 8ந் தேதி உத்தமமான நாள் என்றார். அந்த உத்தமமான நாளில் ராஜபக்சே தோற்றுப் போனார். ஜோசியத்தின் பொய் அன்றைக்கு ஒரு சிரிப்போடு முடிந்தது. ஆலோசகர்களின் ஜோசியத்தில் அப்படிச் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை.

நாம் இப்போது கேட்பது பெரிய காரியம் ஒன்றுமல்ல. நிக்ஸன் பேசியதை அமெரிக்காக்காரன் இன்று கேட்க முடிவதற்குக் காரணம், அந்த நாடாக்களைப் பறிமுதல் செய்து ஜனங்களுக்கு உரிமையாக்க 1974இல் அவர்கள் ஒரு சட்டம் செய்ததுதான். 2009 ஏப்ரல் 24ந் தேதி நமது வரிப்பணத்தில் கொழும்புக்குப் போனவர்கள் அங்கே என்ன கேட்டார்கள், என்ன பதில் வாங்கி வந்தார்கள், 27ந் தேதி அறிக்கையின் வாசகத்தை எழுதியது யார், மே 13 என்ற தேதி அந்தப் பேச்சில் எத்தனை தடவை வந்தது என்பதற்கு டில்லியில் தஸ்தாவேஜு இருக்க வேண்டும். நமது பக்கத்துக்கு ஓட்டுக் கேட்டு வருகின்ற எந்தக் கட்சி மெம்பரையும், அதை வெளியிடச் சொல்லிப் பார்லிமெண்டில் கேட்பாயா என்று நிறுத்திக் கேட்க வேண்டுகின்றோம். கேட்காவிட்டாலும் பழைய சர்க்கார்த் தஸ்தாவேஜுகளை 25 வருஷம் கழிந்ததும் பரிசீலித்து ஆவணக் காப்பகத்திற்கு அனுப்புவதற்கு விதி இருக்கின்றதே, பொறுத்துக்கொண்டால் என்ன என்று சில வக்கீல் தோழர்கள் சொல்லுகின்றார்கள். 2009உடன் 25ஐக் கூட்டினால் 2034. ஐந்தைந்தாக எண்ணிப் பார்த்தால் அதுவும் பார்லிமெண்டுத் தேர்தல் வருஷமாகவே வருகின்றது.